நான் கணக்கில் சேர்க்காத எடை

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு கையில் குழந்தையும் மறு கையில் லேப்டாப்புமாக வந்தாய். குழந்தையை அப்பா மடியில் விட்டுவிட்டு, லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில், நான் இன்னும் துடைக்காத சாம்பார்க் கறைக்குப் பக்கத்தில் வைத்தாய். "ஒரு தடவை பாத்துச் சொல்லுங்கம்மா, வியாழக்கிழமை அனுப்பணும்" என்றாய். மலாவியில் மூன்று மாவட்டங்களில் எச்.ஐ.வி.யோடு பிறந்த குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சையில் சேர்த்தால், அவர்களுக்கு அடுத்த ஒன்றரை வருடத்துக்கு எவ்வளவு மாத்திரை வேண்டியிருக்கும் என்கிற திட்டம் அது. இன்னும் மூன்று வாரத்தில் நீயே அங்கே போய் அதை நடத்தப் போகிறாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். "நல்லா இருக்கு" என்றேன். உடனே அரிசி களைய எழுந்து போய்விட்டேன்.

நல்லா இல்லை, தம்பி. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஃபோனில் சொல்லியிருந்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். அட்டவணையில் இந்த வரிசையைத் திருத்து என்றால் நீயும் திருத்தியிருப்பாய். ஆனால் ஏன் என்று கேட்பாய். சின்ன வயதிலிருந்தே நீ அப்படித்தான், ஒரு ஏனுக்குப் பதில் வராமல் சோற்றில் கை வைக்க மாட்டாய். இந்த ஏனுக்கு என்னிடம் இருக்கும் பதிலை இருபது வருடமாக யாரிடமும் சொன்னதில்லை, உங்கப்பாவிடம்கூட நேற்றுத்தான் சொன்னேன். வாயைத் திறந்தால் எல்லாம் வந்துவிடும் என்ற பயத்தில்தான் அன்றைக்கு அரிசிப் பானையிடம் ஓடினேன். அறுபத்து நாலு வயதில், முட்டி வலியோடு, இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறேனே என்று நினைத்தபோது எனக்கே அலுத்துவிட்டது. நாளைக் காலையில் இதை அப்பா உன் ஆபீசுக்குக் கொண்டுவந்து தருவார். இன்னொரு பிரதி நம் மலேசியத் தமிழ் வார இதழ் ஒன்றுக்குப் போகிறது. பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன், ஆனாலும் தெரிந்தவர்களுக்குத் தெரிந்துவிடும். ஊர் படிக்க இது எதற்கு என்று நீ கோபப்படுவாய். பொய்யை நான் ஊரிடம்தான் சொன்னேன், அதனால்தான்.

நான் முதல் தடவை கிளம்பியபோது உனக்கு எட்டு வயது முடிந்திருந்தது. அதுவரை கிள்ளானில் ஓர் அரசாங்க மருந்தகத்தின் ஜன்னலுக்கு உள்ளே நின்று, வெளியே நீளும் கைகளில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஆப்பிரிக்காவில் குழந்தைகளுக்கான மருந்துத் திட்டம் போட ஒரு தொண்டு நிறுவனம் ஆள் தேடுகிறது என்று கூட வேலை செய்தவர் ஒருவர் சொன்னார். கிடைக்காது என்ற தைரியத்தில் விண்ணப்பித்தேன், கிடைத்துவிட்டது. உங்கப்பா அப்போது மற்றவர்களுக்குக் கார் ஓட்டப் பழக்கிக்கொண்டிருந்தார். நான் தயங்கி நின்றபோது அவர்தான், "நீ போயிட்டு வாலா. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுங்களயே பாத்துக்கறேன், ஒரு பையனப் பாத்துக்க முடியாதா?" என்றார். பார்த்துக்கொண்டார். மூன்று மாதம் அங்கே, மூன்று வாரம் இங்கே என்று ஏழு வருடம் ஓடியது. பள்ளி விட்டதும் உன்னைப் பின்சீட்டில் உட்கார வைத்துக்கொண்டே பாடம் நடத்துவார், நீ கிள்ளான் முழுவதையும் எல் போர்டு காரின் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து வளர்ந்தாய். கல்யாண மண்டபங்களில் என் காதுபட, பெற்றவள் ஊர் சுற்றுகிறாள், அப்பன் சமைக்கிறான் என்றார்கள். எனக்கு அது வலித்தது என்று சொன்னால் நம்பமாட்டாய், ஏனென்றால் நான் அப்போதெல்லாம் நன்றாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அங்கே என்ன வேலை என்று கேட்டவர்களுக்கெல்லாம் மலேரியா மருந்து என்றேன். மலேரியா என்றால் கொசுவைத் திட்டிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். எச்.ஐ.வி. என்றால் என் கையால் வாங்கிய டீயைக் குடிக்க யோசிப்பார்கள் என்று நினைத்தேன். நீ நாலாம் வகுப்பில் இருந்தபோது, பெற்றோரின் வேலையைப் பற்றி எழுந்து சொல்லச் சொன்ன ஆசிரியையிடம் நீ உண்மையைச் சொல்லிவிட்டாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை மறுநாள் மேசையைத் தள்ளிப் போட்டுக்கொண்டது. நான் அப்போது விடுமுறையில் கிள்ளானில்தான் இருந்தேன். மறுநாள் காலையில் உன்னோடு பள்ளிக்கு வந்து, அந்த ஆசிரியையிடமும் பிள்ளைகளிடமும் நான்கு வார்த்தை பேசியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான். அதை விட்டுவிட்டு உன்னைத் திட்டினேன். "இனிமே யாரு கேட்டாலும் மலேரியான்னு சொல்லு, புரியுதா?" நீ பையைக்கூடக் கழற்றாமல் நின்று, "அந்தப் பிள்ளைங்க என்னாம்மா தப்பு செஞ்சாங்க?" என்று கேட்டாய். நான் சட்டையை மாற்று என்றேன். அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை. ஒரு தப்பும் செய்யவில்லை, தம்பி. தப்பு செய்தவள் நான்.

இனி வேலைக்கு வருகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் வார இதழில் படிப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் பொறுத்துக்கொள். குழந்தைகளுக்கான இந்த மாத்திரையை வயதைப் பார்த்துக் கொடுப்பதில்லை, எடையைப் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோவரை என்றால் வேளைக்கு ஒன்று, அதற்கு மேலே போனால் ஒன்றரை, அதற்கும் மேலே இரண்டு என்று படிப்படியாக ஏறும். மருந்து எங்கோ ஒரு நாட்டில் தயாராகி, கப்பலேறி, துறைமுகத்தில் காத்துக் கிடந்து, லோரியில் மலையேறி மாவட்டத்துக்கு வர மாதக்கணக்காகும். ஆகவே அடுத்த வருடம் முழுவதும் தேவைப்படுவதை இந்த வருடமே எழுதி அனுப்பிவிட வேண்டும். எழுதி அனுப்பியதுதான் வரும். குறைந்துபோனால் பக்கத்துக் கடையில் போய் வாங்கிக்கொள்ள முடியாது. எழுதுகிறவர் வேறு ஏதோ ஊரில், குளிரூட்டிய அறையில் இருப்பார். நான் பல மாதங்கள் இதை எழுதியது கிள்ளானில் நம் வீட்டு முன்னறையில், நீ கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்த அதே அறையில்தான்.

மலாவியில் ஏரிக்கரைப் பக்கமாக ஒரு சின்ன மருத்துவ நிலையம். அங்கே பிள்ளைகளுக்கு எடை போட்டு மாத்திரை கொடுத்தவர் ஒரு நர்ஸ். சிஸ்டர் எஸ்தர் என்று வைத்துக்கொள், பெயரை மாற்றிவிட்டேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் தராசில் ஏறும்போது பிள்ளை காலில் செருப்பு இருந்தால் தாயை விடமாட்டார். செருப்பின் எடைக்கு யார் மருந்து கொடுப்பது என்பார். தடிமனான ஒரு பதிவேட்டில் ஒவ்வொரு பிள்ளையின் எடையையும் மாதாமாதம் எழுதுவார். அந்தப் பதிவேட்டிலிருந்துதான் நான் என் அட்டவணைக்குப் பெயர்களை எடுத்தேன். அதில் தோகோ என்று ஒரு பெண் குழந்தை. இதுவும் மாற்றிய பெயர்தான். நாலு வயது, பார்த்தால் இரண்டு வயது போல இருப்பாள், தாயின் இடுப்பிலிருந்து இறங்கவே மாட்டாள். முதல் மாதம் எஸ்தர் அவளைத் தராசில் தொங்கவிட்டபோது முள் அசைந்ததா இல்லையா என்று நான் குனிந்து பார்க்க வேண்டியிருந்தது.

நான் பெயர்களை எழுதி முடித்தபோது எஸ்தர் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்றைய எடை, அதற்கேற்ற மாத்திரை, அதைப் பன்னிரண்டு மாதத்தால் பெருக்கியிருந்தேன். புதிதாக வரக்கூடிய பிள்ளைகளுக்கென்று கொஞ்சம் கூட்டியும் வைத்திருந்தேன். அவர் ஆங்கிலத்தில், அவசரமே இல்லாமல் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன். "இவங்க மருந்து சாப்பிட ஆரம்பிச்சதும் பசி வந்துடும். பசி வந்தா எடை ஏறும். கூடப் போட்டு எழுதுங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? பதிவேட்டில் உள்ளபடிதான் எழுத முடியும், சிஸ்டர், ஊகத்துக்கு எழுத முடியாது என்றேன். பதினான்கு வருடம் மருந்தகத்தில் நின்றவளின் திமிர் அது. அன்று மாலை அவர் என்னைச் சந்தைக்கு அழைத்துப் போனார். ஒரு கடை வாசலில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தவரிடம், மஞ்சளும் நீலமுமாகப் பெரிய பூப்போட்ட துணியில் உனக்கு ஒரு சட்டை தைக்கச் சொன்னேன். அளவு கேட்டார், கையால் காட்டினேன். சட்டை வந்ததும் எஸ்தர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "உங்க பையனுக்கு என்ன வயசு?" என்றார். பத்து என்றேன். "இது போன வருஷத்துப் பையனுக்கு" என்றார். நான் சிரித்தேன், அவரும் சிரித்தார், சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அந்தத் தீபாவளிக்கு நீ அதைப் போட்டாய். பட்டன் எட்டவில்லை. உள்ளே ஒரு பனியனைப் போட்டுக்கொண்டு, மேலே இந்தச் சட்டையைத் திறந்தபடி நாள் முழுவதும் விட்டிருந்தாய். பார்க்க வந்தவர்களிடம் உங்கப்பா இதுதான் இப்போ ஸ்டைல் என்று சமாளித்தார். எனக்கு உன் மேல் எரிச்சல் வந்தது. நான் இல்லாதபோது நீ வளர்ந்தது ஏதோ என்னிடம் சொல்லாமல் செய்த காரியம் போல இருந்தது. உன் பள்ளிக் காலணி, கால்சட்டை, தொப்பி என்று நான் கொண்டுவந்த எதுவும் ஒரு தடவையாவது உனக்குச் சரியாக இருந்ததா? நீ குறை சொன்னதில்லை. எல்லாவற்றையும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு அலமாரியில் வைத்தாய். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே, எஸ்தரின் மருத்துவ நிலையத்தில், பிள்ளைகள் அவர் சொன்னது போலவே பிழைத்துக்கொண்டார்கள். பசி வந்தது. மக்காச்சோளக் களியை வழித்துச் சாப்பிட்டார்கள். தோகோ இடுப்பிலிருந்து இறங்கி நடந்தாள். நான் அடுத்த தடவை போனபோது தராசில் ஏற மாட்டேன் என்று ஓடி, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள், அவளைப் பிடிக்க இரண்டு பேர் தேவைப்பட்டது. எனக்கு அன்று எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை நான் மறக்கவில்லை. வேளைக்கு ஒன்று சாப்பிட்டவள் ஒன்றரைக்கு வந்தாள், பிறகு இரண்டுக்கு வந்தாள். அவளைப் போலவே மற்றவர்களும். அட்டவணையில் மட்டும் எல்லோரும் முதல் நாள் இருந்த எடையிலேயே இருந்தார்கள். எட்டாவது மாதம் போத்தல்கள் தீரத் தொடங்கின. எஸ்தர் தலைநகரில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார், மறுபடி எழுதினார். வருவதற்கு ஒன்றும் இல்லை, கப்பலில் வந்துகொண்டிருந்ததும் நான் எழுதிய அளவுதான். ஒரு பிள்ளையையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்ப மனசு வராமல், எல்லோருக்கும் பழைய எடைக்கான அளவைக் கொடுத்து நாளை நீட்டினார். எடை கூடிய உடம்புக்குக் குறைந்த மருந்து போனால் கிருமி அதற்குப் பழகிக்கொள்ளும், பிறகு முழு அளவு கொடுத்தாலும் அந்த மருந்து கேட்காது. அது அவருக்கும் தெரியும். அதையும் தாண்டி, கடைசியில் சில வாரங்கள் அலமாரி காலியாகவே இருந்தது.

அப்போது நான் கிள்ளானில் இருந்தேன். செய்தி வந்ததும் அட்டவணையைத் திறந்து பார்த்தேன். பகல் பதினொரு மணி இருக்கும், உங்கப்பா பாடம் நடத்தப் போயிருந்தார், நீ பள்ளியில். பார்த்த உடனே தெரிந்துவிட்டது, தம்பி. தேடக்கூட வேண்டியிருக்கவில்லை. பெரியவர்களுக்கான திட்டத்தின் அட்டவணையை எடுத்து, பெயரை மாற்றி, பிள்ளைகளுக்குப் போட்டிருந்தேன். பெரியவர்களின் மருந்துக்கு எடை ஒரு பொருட்டில்லை, ஜனவரியில் சாப்பிடும் அளவைத்தான் டிசம்பரிலும் சாப்பிடுவார்கள். பிள்ளைகள் அப்படியில்லை என்று தெரிய மருந்தியல் படிக்க வேண்டியதில்லை, ஒரு பிள்ளை பெற்றிருந்தால் போதும். நான் பெற்றிருந்தேன். பிறகு இதைப் பல தடவை யோசித்திருக்கிறேன், இது கவனக்குறைவு மட்டும்தானா என்று. அந்தப் பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று நான் மனசார நம்பியிருந்தால் அந்த வரிசையை விட்டிருப்பேனா? செத்துப்போகாமல் இருந்தால் போதும் என்கிற அளவுக்குத்தான் நான் திட்டம் போட்டேன். அதற்கு மேல் அவர்கள் வளரவும் செய்வார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

விசாரணைக் கூட்டத்துக்கு நான் மறுபடி மலாவி போனேன். திட்டத்தில் இருந்ததைவிட வேகமாக மாத்திரை போயிருக்கிறது, எங்கே போயிற்று என்பதுதான் கேள்வி. வெளியே விற்கப்பட்டிருக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். எஸ்தர் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் வந்து, மேசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பதிவேடு, துணியில் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு பிள்ளையின் எடையும் மாதாமாதம் எப்படி ஏறியது என்று அதில் இருந்தது. அதைத் திறந்தால் ஐந்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்திருக்கும். அவரைத் திறக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. என்னைப் பார்த்துத் தலைவர் கேட்டார், திட்டத்தில் ஏதும் தவறு இருக்க வாய்ப்பு உண்டா என்று. நான் சொன்னேன்: "பதிவேட்டில் இருந்த எடையை வைத்துத்தான் போட்டது." ஒரு வார்த்தை பொய் இல்லை, பார். எஸ்தர் என்னைப் பார்த்தார். நான் முன்னால் இருந்த தண்ணீர் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்து அலமாரியின் சாவியை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். தூரத்தில் ஒரு மருத்துவமனையில் பொது வார்டுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை அவர் கையில் பிறகு மருந்துச் சாவியே வரவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் அடுத்த வருடத் திட்டத்தில் சத்தமில்லாமல் ஒரு வரிசை சேர்த்தேன், இத்தனை மாதத்தில் இத்தனை பேர் அடுத்த எடைக்கு ஏறுவார்கள் என்று. அதற்கு எனக்குப் பாராட்டு கிடைத்தது. பக்கத்து நாட்டுத் திட்டத்துக்கும் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பாராட்டியவர்களுக்கு நன்றி சொன்னேன். தோகோவுக்கு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் கேட்கவில்லை. நாலு வருடம் கழித்து, மூட்டு வலி என்று காரணம் சொல்லி, வேலையை விட்டு வந்துவிட்டேன். அப்போது மூட்டு வலி அவ்வளவாக இல்லை.

நீ இந்த வேலைக்கு விண்ணப்பித்ததை என்னிடம் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உன் மனைவி எனக்காகக் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். நான் அதைச் சாப்பிட்டுக்கொண்டே, வேண்டாம் என்று சொல்ல ஒரு வழி தேடிக்கொண்டிருந்தேன். எனக்கு இந்தத் திட்டங்கள், அட்டவணைகள், கூட்டங்கள், குழந்தைகளின் எதிர்காலம் என்று கண்ணைச் சுருக்கிக்கொண்டு பேசுகிறவர்கள் எல்லாமே அலுத்துப்போய் வெகுகாலமாகிறது. ஆனால் நான் போகாதே என்றால், ஏன் என்று கேட்பாய். ஆக மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றேன்.

இப்போது உன் அட்டவணை. உங்கள் காலத்து மருந்து நல்ல மருந்து, தண்ணீரில் கரைகிறது, ஸ்ட்ராபெரி வாசம்கூட இருக்கிறதாம். எடைக்கு எத்தனை மாத்திரை என்பது மட்டும் மாறவில்லை. ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கு நீ சரியாகத்தான் போட்டிருக்கிறாய். புதிதாகக் கண்டுபிடித்துச் சேர்க்கப்போகிற பிள்ளைகளை மட்டும், சேரும் நாளின் எடையிலேயே ஒன்றரை வருடம் நிறுத்தி வைத்திருக்கிறாய். நான் அந்த வரிசையைக் காட்டி, இது என்ன என்று லேசாகக் கேட்டேன், ஞாபகமிருக்கிறதா? "அது சும்மா ஆரம்பக் கணக்கும்மா, அப்புறம் திருத்திக்கலாம்" என்றாய். அப்புறம் என்று ஒன்று இந்த வேலையில் கிடையாது, தம்பி. ஆரம்பக் கணக்குதான் கப்பலேறும். அந்தப் பிள்ளைகள்தான் எல்லோரையும்விட மெலிந்து வருவார்கள், எல்லோரையும்விட வேகமாக எடை ஏறுவார்கள். ஆறே மாதத்தில் உன் கணக்கைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்களை மேலேற்றிப் போடு. ஊகத்துக்கு எப்படி எழுதுவது என்று யாராவது கேட்டால், பிழைப்பார்கள் என்பதும் ஊகம்தான், அதை நம்பித்தானே மருந்தே அனுப்புகிறோம் என்று சொல்.

வேறு பெரிய அறிவுரை எதுவும் என்னிடம் இல்லை. இருந்தாலும் சொல்ல எனக்கு யோக்கியதை குறைவு. அங்கே போனதும் முதல் வாரம் லேப்டாப்பைத் திறக்காதே, எடை போடுகிற இடத்தில் பெஞ்சில் உட்கார். தராசில் பிள்ளையை ஏற்றி இறக்குகிறவர் சொல்வதை, அவர் சொன்ன அதே வார்த்தையில் எழுதி வைத்துக்கொள். தவறு நடந்தால், நடக்கும், உன் பக்கத்துத் தவறை நீயே முதலில் சொல்லிவிடு, ஒருவர் மடியில் பதிவேட்டோடு பஸ் ஏறி வரும்வரை காத்திருக்காதே. வீட்டுக்கு ஃபோன் பண்ணும்போது உன் மகள் கேமரா முன்னால் நிற்காமல் ஓடினாள் என்றால், ஓடட்டும் என்று பார்த்துக்கொண்டிரு. நோயைப் பற்றிக் கேட்பவர்களிடம் அதன் பெயரைச் சொல். நாலாம் வகுப்பில் நீ செய்தது போல.

எஸ்தரின் எண் என்னிடம் இல்லை. எங்கள் அலுவலக வண்டியை ஓட்டியவர் எனக்கு இன்னமும் கிறிஸ்துமஸுக்கு வாழ்த்து அனுப்புவார். திங்கட்கிழமை காலையில் அவரிடம் கேட்டு வாங்கினேன். மதியம் முழுவதும் உட்கார்ந்து எஸ்தருக்கு எழுதினேன். தவறு என் அட்டவணையில் இருந்தது, கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோதே எனக்கு அது தெரியும், உங்கள் பெயர் கெட நான் வாய்மூடி இருந்தேன், அதை அந்த அலுவலகத்துக்கும் எழுதி என் பெயரோடு கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன் என்று. என் மகன் அங்கே வருகிறான், இதை ஒரு பத்திரிகையில் எழுத அனுமதி வேண்டும் என்றும் கேட்டேன். தோகோவைப் பற்றியும் கேட்டேன், இருபது வருடம் கழித்து. பதில் நேற்று வந்தது, குரலிலேயே பேசி அனுப்பியிருந்தார். பின்னால் கோழிகள் சத்தம். வயதாகிவிட்டது குரலில், ஆனால் அதே அவசரமில்லாத பேச்சு. "எனக்குத் தெரியும். அவங்களை எடை போட்டது நான்தானே" என்றார். திட்டவில்லை, மன்னிக்கவும் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள், என் பெயர் வேண்டாம் என்றார். தன்னை மாற்றிய பிறகு தோகோவைத் தானும் பார்க்கவில்லை என்றார். தாய் அவளைத் தூக்கிக்கொண்டு தன் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்வி, அதற்கு மேல் தெரியாது. அவ்வளவுதான். கேட்டால் தெரிந்துகொள்ளக்கூடிய காலத்தில் நான் கேட்கவில்லை, இப்போது கேட்டால் சொல்வதற்கு ஆள் இல்லை. நான் அந்தப் பதிவை மூன்று தடவை கேட்டேன். உங்கப்பா யார் அது என்று கேட்டார். உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "அதான் அந்தச் சட்டைய நீ தூக்கிப் போட விடலயா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம், அந்தப் பூப்போட்ட சட்டை இன்னும் என் அலமாரியில்தான் இருக்கிறது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை நீ போகும்போது ஒரு பையை என்னிடம் கொடுத்து, மகளின் பிறந்தநாளுக்கு இங்கே இருக்க மாட்டேன், அன்றைக்கு இதைப் போட்டுவிடுங்கள் என்றாய். இன்று காலையில் அதைப் பிரித்துப் பார்த்தேன். ரோஜா நிறக் கவுன், அழகாக இருந்தது. குழந்தை ஞாயிற்றுக்கிழமை போட்டிருந்த கவுனின் அதே அளவு. பிறந்தநாளுக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பில் உள்ளேயே கிடந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து, ரயிலேறி, பிரிக்ஃபீல்ட்ஸில் நீ வாங்கிய அதே கடைக்குப் போனேன். குழந்தைக்கு என்ன வயசு ஆன்டி என்று அந்தப் பெண் கேட்டாள். இப்போதைய வயதைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, போடுகிற அன்றைக்கு என்ன வயதாக இருக்கும் என்று சொன்னேன். ஒரு அளவு பெரியதாக எடுத்துக் கொடுத்தாள். நான் இன்னும் ஒன்று பெரியது கேட்டேன்.

கவுனை நான் மாற்றிவிட்டேன், தம்பி. அட்டவணையை நீ மாற்று.

அம்மா